அம்பேத்கர் என்கிற வாசகர்: பரிசாக வந்த ஒரு புத்தகம் 50 ஆண்டுகள் என்ன செய்தது?

உங்கள் அலமாரியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. புத்தகக் கண்காட்சியில் வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நாலைந்து இருக்கும். ஆஃபரில் கிடைக்கிறதே என்று கிண்டிலில் இறக்கி வைத்தது ஒரு இருபதாவது தேறும். இதற்கு நடுவே அட்டை கிழிந்து, ஓரம் மடிந்து, வீடு மாறும்போதெல்லாம் கூடவே வரும் ஒரு பழைய புத்தகமும் இருக்கும். அநேகமாக யாரோ கொடுத்ததாக இருக்கும். இதை மட்டும் ஏன் எடைக்குப் போடவில்லை என்று யாராவது கேட்டால், சட்டென்று பதில் வராது.

அந்தப் பதிலைத் தேட ஒரு நல்ல இடம், டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை. அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அலுவலகம் போகிற வழியில் கையில் புத்தகத்தோடு நிற்கும் அவர் சிலையைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கைக்கு முதலில் புத்தகம் எப்படி வந்து சேர்ந்தது? யார் கொடுத்தார்கள், யார் காசு கொடுத்தார்கள்? இந்தக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரே அறை, ஓர் ஆடு, நள்ளிரவு இரண்டு மணி

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதால், வீட்டில் படிப்புக்கு மரியாதை இருந்தது. வெளியே இல்லை. சாதாராவில் பள்ளிக்குப் போன சிறுவன் வகுப்பில் தனியாக, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் உட்கார வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது; பியூன் திறந்துவிட்டால்தான் தாகம் தீரும். சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டபோது, தீண்டப்படாத சாதி என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பாரசீக மொழியை எடுத்தார்.

குடும்பம் பம்பாய்க்கு வந்தபிறகு பரேல் பகுதியில் ஒரே அறையில் வாழ்க்கை. சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் அதற்குள்தான். பையனை அப்பா சீக்கிரமே தூங்க வைத்துவிடுவார். தான் விழித்திருந்து நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். தலைமாட்டில் அரைக்கும் கல், கால்மாட்டில் ஓர் ஆடு, நடுவில் விளக்கு வெளிச்சத்தில் பீமராவின் படிப்பு.

புத்தகத்துக்குப் பணம்? ராம்ஜிக்கு வந்தது ஓய்வூதியம் மட்டும். பையன் ஒரு புத்தகம் கேட்டால், கல்யாணமாகிப் போன மகள்களிடம் போய்க் கடன் கேட்பார். அவர்களிடம் ரொக்கம் இல்லாவிட்டால் ஒரு நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அம்பேத்கரின் முதல் புத்தகங்களில் அக்காக்களின் நகைக் கணக்கும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீங்க. இந்தக் கணக்கு பின்னால் மறுபடி வரும்.

பூங்காவில் ஒருவர் கவனித்தார்

வீட்டில் இடமில்லாத பையன் எங்கே போவான்? சர்னி ரோடு பூங்காவுக்குப் போய்ப் படித்தான். அதே பூங்காவுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். ஆசிரியர், மராத்தியில் வாழ்க்கை வரலாறுகள் எழுதியவர். எப்போது பார்த்தாலும் புத்தகத்தோடு இருக்கும் இந்தப் பையன் யார் என்று விசாரித்துப் பழகினார்.

பிறகு பீமராவ் பள்ளித் தேர்வு ஒன்றில் தேறியபோது, அவர் சமூகத்து மக்கள் சேர்ந்து ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மற்ற சாதிகளில் அது ஒரு செய்தியே இல்லை. இவர்களுக்கு அது திருவிழா. அந்தக் கூட்டத்தில் கேலுஸ்கர் ஒரு பரிசு கொடுத்தார். தானே மராத்தியில் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாறு.

அவ்வளவுதான் சம்பவம். ஒரு பெரியவர் ஒரு பையனுக்குப் புத்தகம் கொடுத்தார். நம் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இது நடக்கிறது. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை பரணுக்குப் போகின்றன. இது மட்டும் ஏன் போகவில்லை?

அப்பாவிடம் கேட்ட கேள்வி

இந்த இடம் முக்கியம். பீமராவ் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் நேராக அப்பாவிடம் போனார். இத்தனை நாள் இந்த மனிதரைப் பற்றி ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். ராம்ஜி கபீர் வழியைப் பின்பற்றிய பக்திமான். தினமும் பிள்ளைகளை மகாபாரதமும் ராமாயணமும் வாசிக்க வைப்பவர். அதை ஏன் வற்புறுத்துகிறீர்கள் என்பதும் மகனின் கேள்வி.

அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. நாம் தீண்டப்படாதவர்கள், உனக்குள் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும், சிறிய நிலையிலிருந்த துரோணரும் கர்ணனும் எவ்வளவு உயர்ந்தார்கள் பார், எளிய குலத்தில் பிறந்த வால்மீகிதான் ராமாயணத்தையே இயற்றினார் பார் என்றார். தன் கையில் இருந்த நூல்களிலிருந்து மகனுக்கு ஒரு கவசம் செய்து தர முயன்ற தகப்பனின் பதில் அது. மகனுக்கு அது போதவில்லை. அந்தக் காவிய நாயகர்கள் பலரின் செயல்களில் தனக்கு உடன்பாடு இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டினார். அப்பா பேசாமல் இருந்துவிட்டார்.

பின்னாளில் இதை நினைத்துப் பார்த்த அம்பேத்கர், புத்தரிடம் தான் வெறும் மனதோடு போகவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே படித்தவை இருந்தன என்று பதிவு செய்திருக்கிறார். அதாவது, அப்பா படிக்க வைத்த நூல்கள் இல்லாவிட்டால் கேலுஸ்கர் கொடுத்த நூலும் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை யோசிச்சுப் பாருங்க. அதற்கு முன்பே உங்களுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்திருக்கும். புத்தகம் சரியான நேரத்தில் வந்து அதைத் தொட்டிருக்கும்.

கேலுஸ்கர் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கல்லூரிச் செலவுக்கு வழியில்லாதபோது, பீமராவை பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகம் செய்து வைத்தவரும் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் முடிந்தது. 1913-ல், அப்பா இறந்த சில மாதங்களில், அதே பரோடா உதவியோடு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

கடலுக்குள் போன பெட்டி

உதவித்தொகையில் அங்கேயும் வாழ வேண்டும், ஊரில் மனைவி ரமாபாய்க்கும் அனுப்ப வேண்டும். மிச்சம் பிடித்த காசு பழைய புத்தகக் கடைகளுக்குப் போனது. நியூயார்க்கில் அவர் வாங்கிய புத்தகங்கள் சுமார் 2,000 என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். 1916-ல் லண்டன் போனார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்து பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவர் ஒரு கப்பலில் வந்தார். அவருடைய பெட்டிகள் இன்னொரு கப்பலில் வந்தன. பெட்டிகள் வந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. சேர்த்து வைத்த புத்தகங்களும் போயின. ஹார்ட் டிஸ்க் ஒன்று கரப்ட் ஆனாலே நமக்கு எப்படி இருக்கிறது? இவர் பட்டினி கிடந்து சேர்த்தது. சாமான்களுக்கு இழப்பீடாக வந்த பணத்தை எடுத்துக்கொண்டுதான் பரோடாவுக்கு வேலைக்குக் கிளம்பினார்.

வௌவால்கள் நடுவே வாசிப்பு

பரோடாவில் நடந்ததை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 26 வயது, கொலம்பியாவில் எம்.ஏ. முடித்தவர், அரசுப் பணி. தங்க இடம்தான் இல்லை. எந்த இந்து விடுதியிலும் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து மாடியில் தங்கினார். வேறு ஆளே கிடையாது. தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த இருட்டுக் கூடம். மின்விளக்கு கிடையாது, பராமரிப்பாளர் தந்த சின்ன அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் சில அங்குலத்தைத் தாண்டாது. தலைக்கு மேலே வௌவால்கள்.

அங்கே அவர் செய்தது ஒன்றுதான்: படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். படிக்கும்போது தனிமை மறந்துபோகும். வௌவால் ஒன்று கிறீச்சிட்டுப் பறந்தால், எங்கே இருக்கிறோம் என்பது திரும்ப நினைவுக்கு வந்துவிடும்.

பதினொன்றாம் நாள் காலை. இரவல் வாங்கிய புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் பல பேர் ஏறி வரும் சத்தம். தடிகளோடு ஒரு டஜன் பார்சிகள் வாசலில் நின்றார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய், மாலைக்குள் காலி செய் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அவர் இடம் கேட்டுப்போன இரண்டு நண்பர்களும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பம்பாய் ரயிலுக்கு நேரம் இருந்ததால், ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதார்.

சிறுவனாக ஒரு பூங்காவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு கேலுஸ்கர் வந்தார். பரோடா பூங்காவுக்கு யாரும் வரவில்லை. புத்தகம் துணையாக இருக்கும், ஆறுதல் தரும் என்றெல்லாம் நாம் சொல்கிறோம், அதில் பொய்யில்லை. ஆனால் தடியோடு வருகிறவனைப் புத்தகம் தடுக்காது என்பதையும் அன்று அவர் பார்த்துவிட்டார். அதன்பிறகு அவர் வாசிப்பு வெறும் புகலிடமாக இல்லை. சாதி எப்படி வந்தது, எந்த நூல்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று தேடிப் போகிற வேலையாக மாறியது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1920-ல் மறுபடி லண்டன் போகக் கடன் கொடுத்து உதவியவர்களில் ஒருவர் நவல் பத்தேனா. அவரும் ஒரு பார்சிதான். அந்தப் பணத்தில்தான் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் காலையில் முதல் ஆளாக நுழைந்து, சாப்பாட்டைச் சுருக்கி, மாலையில் காவலர் வந்து எழுப்பும்வரை அம்பேத்கர் படித்தார்.

கோபமும் ஒரு உறவா?

1927 டிசம்பர் 25. மகாராஷ்டிராவின் மகாட் நகரில் அம்பேத்கர் தலைமையில் நடந்த மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சஹஸ்ரபுத்தே என்கிற பிராமணத் தோழர்.

புத்தகங்களை இவ்வளவு நேசித்த ஒருவர் ஒரு நூலை எரித்தது முரண் இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அவர் படிக்காமல் எரித்தவர் இல்லை. மனுஸ்மிருதியை விதி விதியாகப் பிரித்து ஆராய்ந்தவர். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். தன் அம்மா அப்பாவுக்குத் தண்ணீரும் கல்வியும் மறுத்த விதிகளின் அடையாளமாகத்தான் அந்த நூல் தீயில் வைக்கப்பட்டது. பிடித்த புத்தகத்தோடு மட்டும்தான் நமக்கு உறவு என்றில்லை. நம் வாழ்க்கையைக் கெடுத்த புத்தகத்தையும் வரி விடாமல் படிக்க வேண்டியிருக்கிறது.

புத்தகங்களுக்காக ஒரு வீடு

1930-களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் அவர் ஒரு வீடு கட்டினார். புத்தகங்கள் வைக்க இடம் வேண்டும் என்பதுதான் முதல் தேவை. பெயர் ராஜகிருஹம், புத்தரோடு தொடர்புடைய பழைய மகதத் தலைநகரின் பெயர். அவர் பௌத்தம் தழுவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே வைத்த பெயர் இது. கேலுஸ்கர் கொடுத்த புத்தகம் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் சேர்த்த நூல்கள் 50,000-ஐத் தாண்டின என்று கணக்கு.

இதில் ரமாபாயின் பங்கு என்ன? கணவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் வறுமையோடு குடும்பத்தை நடத்தியவர் அவர். ஐந்து குழந்தைகளில் நான்கு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். புது வீட்டில் அதிக காலம் வாழக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1935 மே மாதம் இறந்துபோனார். பாகிஸ்தான் கோரிக்கையை அலசி 1940-ல் எழுதிய நூலை அம்பேத்கர் ரமாபாய்க்குத்தான் காணிக்கையாக்கினார். கஷ்டத்தில் தன்னோடு நின்ற பொறுமைக்கு நன்றி என்பது அதன் சாரம். ஒரு வாசகரின் அலமாரிக்கு வீட்டிலிருப்பவர்கள் கொடுக்கும் விலையை அவர் அறிந்தே இருந்தார்.

எட்டணாப் புத்தகம் தமிழுக்கு வந்த கதை

1936-ல் லாகூரில் ஒரு சாதி எதிர்ப்பு அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்ததும் பயந்துபோய்ச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடே நின்றுபோனது. பேச முடியாத பேச்சைத் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது.

இதற்கு மறுப்பு எழுதிய காந்தியும் ஒரு விஷயத்தில் வாசகர் பக்கம் நின்றார். எட்டணா விலை அதிகம், இரண்டணா அல்லது நாலணாவாகக் குறையுங்கள் என்றார். நிறைய பேர் படிக்க வேண்டிய புத்தகம் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. அதே ஆண்டு பெரியாரின் 'குடி அரசு' இதழ் வழியாக அது தமிழிலும் வந்தது. மராத்தியில் படித்த ஒரு புத்தகம் பையனை உலுக்கியது. அந்தப் பையன் ஆங்கிலத்தில் எழுதியது சில மாதங்களில் நம் மொழிக்கு வந்து சேர்ந்தது.

பென்சில் கோடுகள்

அம்பேத்கரின் புத்தகங்களில் ஒரு பகுதி, அவர் தொடங்கிய மும்பை சித்தார்த் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. அவற்றில் சிவப்பு, நீலப் பென்சில் கோடுகள் உண்டு. கொலம்பியாவில் அவருக்குப் பாடம் எடுத்த தத்துவவாதி ஜான் டூயியின் ஜனநாயகமும் கல்வியும் பற்றிய நூலிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. டூயி மேல் அவருக்கு அப்படியொரு பற்று. 1952 ஜூனில் கௌரவப் பட்டம் வாங்க கொலம்பியாவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, பழைய ஆசிரியரைப் பார்க்கப்போகிறோம் என்ற ஆவலில் இருந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் டூயி இறந்துவிட்டார். தன் அறிவு வாழ்க்கை முழுவதற்கும் டூயிக்குக் கடன்பட்டிருப்பதாக, இரண்டாவது மனைவி சவிதாவுக்கு எழுதிய கடிதத்தில் வருந்தினார்.

அச்சில் வராத முன்னுரை

கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் பார்வைக் கோளாறும் சேர்ந்துகொண்டன. அந்த உடம்போடு ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார்: 'புத்தரும் அவர் தம்மமும்'. அச்சுச் செலவு சுமார் 20,000 ரூபாய். புத்தர் ஜயந்தி விழாவை அரசு கொண்டாடிக்கொண்டிருந்த 1956 செப்டம்பரில், 500 பிரதிகளை அரசு வாங்கி நூலகங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அதற்கான நிதி தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது.

அந்த நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில்தான் கேலுஸ்கர் வருகிறார். பாராட்டுக் கூட்டம், பரிசு, அப்பாவிடம் கேட்ட கேள்வி எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த நூலை ஏன் எழுதினீர்கள் என்று கேட்பவர்களுக்கு, பள்ளி வயதில் கிடைத்த அந்தப் புத்தகத்திலிருந்து அவர் பதிலைத் தொடங்குகிறார். பையனாகப் படித்தது ஒரு புத்தர் வரலாறு. 65 வயதில் எழுதி முடித்ததும் ஒரு புத்தர் வரலாறு. நடுவில் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள்.

அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 5 இரவு டெல்லி அலிப்பூர் சாலை வீட்டில், அலமாரியிலிருந்து சில புத்தகங்களை எடுத்துக் கட்டில் அருகே வைக்கச் சொன்னார். அந்த நூலின் அறிமுகத்தையும் முன்னுரையையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

1957-ல் நூல் வெளிவந்தது. முன்னுரை அதில் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது அச்சேறியது. கேலுஸ்கரின் பரிசு பற்றி அவர் சொன்னது வாசகர்களுக்குத் தெரிய அவ்வளவு காலம் ஆயிற்று.

சரி, இதில் நமக்கு என்ன?

டிசம்பர் 6-ல் மும்பை தாதருக்குப் போய்ப் பாருங்க. அவர் தகனம் செய்யப்பட்ட இடத்துக்கு அருகே, சிவாஜி பார்க்கில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் திரும்பிப் போகும்போது பையில் புத்தகங்கள் இருக்கும். படித்த பிள்ளைக்கென்று பெற்றோர் வாங்கியதும் அதில் இருக்கும்.

அங்கேதான் அந்தப் பழைய கணக்கு திரும்ப வருகிறது. அம்பேத்கரின் வாசிப்பை அவருடைய தனித் திறமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அக்காக்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்பா தூக்கத்தைக் கொடுத்தார். கேலுஸ்கர் புத்தகம் கொடுத்ததோடு நிற்காமல், ஃபீஸ் கட்ட வழியும் செய்தார். நவல் பத்தேனா கடன் கொடுத்தார். ரமாபாய் கொடுத்ததற்குக் கணக்கே கிடையாது.

உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தக் கிழிந்த புத்தகத்தை இன்றைக்கு ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்க. கொடுத்தவர் பெயர் முதல் பக்கத்தில் இருந்தால் ஒரு போன் போடுங்க. உங்கள் அபார்ட்மென்ட் பூங்காவிலோ, பேருந்து நிறுத்தத்திலோ, அலுவலக வாசலில் செக்யூரிட்டி அண்ணனின் மேஜைப் பக்கத்திலோ ஒரு பிள்ளை உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். என்ன படிக்கிறாய் என்று கேளுங்க. அடுத்த முறை போகும்போது கையில் ஒரு புத்தகம் கொண்டு போங்க. முடிந்தால், அந்த வருஷத்து ஃபீஸ் பற்றியும் விசாரியுங்க.